பிதிரார்ஜிதமாக வந்த ஐந்து துப்பாக்கிகள்

சின்சினாட்டி, ஒஹாயோ
செப்டம்பர் 14

அன்பு மகளுக்குப் பெரியப்பா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது.

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. டேட்டன் வீட்டின் நிலவறையில் இருந்த வால்நட் மரப் பெட்டியை நீயும் உன் அம்மாவும் திறந்ததையும், அதற்குள் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஐந்து கைத்துப்பாக்கிகளும், பித்தளையாலான மருந்துக் குடுவை ஒன்றும், ஈயக் குண்டு வார்க்கும் அச்சும், உன் அப்பாவின் கையெழுத்து நிறைந்த நீல அட்டை நோட்டும் இருந்ததையும் நீ விவரித்திருந்தாய். அதைப் படித்தபோது, அவன் போய் ஒரு வருஷம் பூர்த்தியான பிறகும், அந்தப் பெட்டியின் வாசனை என் நாசிக்கு எட்டியது போல இருந்தது. சிறிது நேரம் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நீ மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை காரில் திரும்பும்போது இவற்றை நியூ ஜெர்ஸிக்கு எடுத்துப் போகலாமா என்பது முதலாவது. இவற்றுக்கு என்ன விலை பெறும் என்பது இரண்டாவது. அது உன் அம்மாவின் கேள்வி என்று நினைக்கிறேன். மூன்றாவதைச் சற்றுத் தயங்கித்தான் எழுதியிருக்கிறாய்: என்னைப் போல் ஒருத்தி இவற்றைச் சுடப் பழகலாமா என்று. இம்மூன்றுக்கும் முன்னால், நீ கேளாமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. அவற்றுள் மருந்தும் குண்டும் இருக்கின்றனவா, இல்லையா? அதற்கு விடை தெரிகிற வரையில் மற்ற எதுவும் அவசரமில்லை.

உன் அப்பா நிறைத்து வைத்துவிட்டுப் போயிருப்பான் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நினைப்பை நம்பி ஒரு துப்பாக்கியையும் தொடக் கூடாது. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் காலத்தால் கெடுவதே இல்லை. வெடியுப்பும் கந்தகமும் கரியும் ஒன்றோடொன்று கலந்தபடியே தலைமுறைகள் கடந்தும் விழித்திருக்கும். 2008-ஆம் வருஷம் வர்ஜீனியா மாநிலத்தில், உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்றைத் தம் வீட்டில் சுத்தம் செய்துகொண்டிருந்த அனுபவசாலி ஒருவர், அது வெடித்து மாண்டுபோனார். ஏறக்குறைய நூற்று நாற்பது வருஷம் அது மௌனமாக இருந்திருக்கிறது. ஆகையால் குதிரை எனப்படும் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல், விசையைத் தொடாமல், குழலின் வாய் உங்கள் இருவர் பக்கமும் திரும்பாதபடி வைத்து, பக்கவாட்டில் இருந்து மாத்திரம் பார். சுழலும் உருளையின் பின்புறத்தில், அறைக்கு ஒன்றாக, ஆறு சிறிய நிப்பிள்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் மேல் செம்பு நிறத்தில் சின்னஞ்சிறு தொப்பி போல ஏதாவது கவிந்திருந்தால், அதுதான் கேப்பு. தீபாவளியின்போது குழந்தைகள் வைத்து அடிக்கும் பொட்டுவெடிக்குத் தமையன். அது இருந்தால் பெட்டியை மூடிவிட்டு எனக்குப் போன் செய். இல்லாவிட்டாலும் அறைகளுக்குள் மருந்து இராது என்று அர்த்தமாகாது. சனிக்கிழமை நான் வந்து, ஒவ்வோர் அறையாக மரக்குச்சி விட்டு ஆழம் பார்க்கிறேன். எதிலாவது குண்டு அகப்பட்டால் நானும் கைவைக்கமாட்டேன். அதைத் தொழிலாகச் செய்கிற துப்பாக்கிக் கம்மியரிடம் கொண்டுபோவோம்.

இனி உன் முதற் கேள்வி. வேண்டாம், அம்மா, எடுத்துப் போகாதே. 1968-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம், 1898 முடியச் செய்த துப்பாக்கிகளையும், நவீனத் தோட்டா ஏற்காத அவற்றின் பிரதிகளையும் பழம்பொருள் என்று வகுத்து, சாதாரணத் துப்பாக்கிகளின் கணக்கிலிருந்து நீக்கியிருக்கிறது. அதனால்தான் உன் அப்பா இவற்றை ஒரு காகிதமும் இல்லாமல் தபாலில் வரவழைக்க முடிந்தது. ஆனால் மத்தியச் சட்டம் விட்டதை மாநிலச் சட்டம் பிடிக்கும். நீ வசிக்கும் நியூ ஜெர்ஸி, கருமருந்துக் கைத்துப்பாக்கியையும் மற்ற கைத்துப்பாக்கிகளைப் போலவே பாவிக்கிறது. ஒஹாயோவில் பழம்பொருளாக இருப்பது எல்லையைத் தாண்டியதும் வேறு பொருளாகிவிடுகிறது. வாரிசாக வந்த சொத்து என்பதற்கு அங்கே என்ன சலுகை உண்டு, என்ன பத்திரம் வேண்டும் என்பதை உன் ஊர் வக்கீல் ஒருவரிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்கு. அதுவரை பெட்டி என் வீட்டில் இருக்கட்டும். விமானத்தில் என்றால் மருந்துக்கும் கேப்புக்கும் எவ்விதத்திலும் இடமே கிடையாது. கைப்பையிலும் கூடாது, ஏற்றிவிடும் பெட்டியிலும் கூடாது.

இதில் ஒரு விசேஷம் பார். இந்தச் சுழல் உருளைத் துப்பாக்கி பிறந்த ஊர் உன் மாநிலத்தில்தான் இருக்கிறது. சாமுவேல் கோல்ட் என்பவர் 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று, நியூ ஜெர்ஸியில் பாஸைக் நதியின் பேரருவிக்குப் பக்கத்தில், பேட்டர்ஸன் நகரத்தில்தான் தம்முடைய முதல் ஆலையை வைத்தார். ஆறு வருஷத்தில் அது நொடித்தும் போயிற்று. பேட்டர்ஸன் அருங்காட்சியகத்தில் அக்காலத்துத் துப்பாக்கிகளை வைத்திருக்கிறார்கள். ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார். கையில் எடுப்பதற்கு முன் கண்ணால் பழகுவது நல்ல ஆரம்பம்.

விலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்லுகிறேன். இவை அசல் அல்ல, பிரதிகள். அசல் கோல்ட் ஒன்று ஏலத்தில் பல்லாயிரம் டாலருக்குப் போகும். பிரதியைப் புதிதாகவே சில நூறு டாலருக்கு வாங்கிவிடலாம், பழையதற்கு அதிலும் குறையும். ஐந்தையும் சேர்த்து விற்றாலும் உன் அம்மாவின் வீட்டுக் கூரையை ஒட்டுப்போடக்கூடக் காணாது. ஆனால் பிரதி என்ற சொல்லைக் கேட்டவுடன் போலி என்று எண்ணி இளக்காரம் கொண்டுவிடாதே. உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961-இல் வரவிருந்த சமயத்தில், அந்தப் போர்க் காலத்துத் துப்பாக்கிகளை அலமாரியில் பார்ப்பதோடு திருப்தியடையாமல் சுட்டுப் பார்க்கவும் ஆசைப்பட்டவர்கள் இந்நாட்டில் திரளாக இருந்தார்கள். அசல்களோ தேய்ந்து, துருவேறி, விலையும் ஏறிக்கொண்டிருந்தன. அப்போது வால் ஃபோர்கெட் முதலிய சில அமெரிக்கர்கள் இத்தாலிக்குப் போய், ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் பிரேஷியா நகருக்கு வடக்கே உள்ள வால் டிரோம்பியாப் பள்ளத்தாக்கின் கைவினைஞர்களிடம் அசல்களைக் கொடுத்து, இவற்றைப் போலவே செய்து தாருங்கள் என்று கேட்டார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் கார்தோனே என்ற ஊரில் பெரெட்டா குடும்பம் 1526 முதலே குழல் செய்துவருகிறது. 1959-இல் அதே ஊரில் ஆல்டோ ஊபெர்த்தி என்பவர் தொடங்கிய பட்டறையின் முதல் சரக்கு, கோல்டின் 1851 நேவி மாதிரியின் பிரதிதான். பரம்பரையாகக் குழல் கடைந்த கை செய்த வஸ்து அது, சுடுவதற்கென்றே செய்தது. அசலைச் சுட்டு அதன் ஆயுளைக் குறைக்காமல், அசல் எப்படி நடந்துகொண்டிருக்கும் என்பதை நமக்குக் கற்றுக்கொடுப்பது பிரதியின் தொண்டு. அந்தத் தொண்டைச் செய்கிறவரையில் அதற்கு ஒரு கௌரவம் உண்டு என்பது என் திடமான அபிப்பிராயம். அடுப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டிவிட்டால் அந்தக் கௌரவம் போய்விடுகிறது. ஆகவே சுவருக்கு வேண்டாம்.

ஒவ்வொன்றின் குழலிலும் சட்டத்திலும் சிறு முத்திரைகள் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படி. நட்சத்திரத்தின் கீழ் பி, என் என்ற இரண்டு எழுத்துகள், இத்தாலிய அரசின் சோதனைச் சாலையில் கருமருந்தால் சுட்டுப் பரீக்ஷித்தாயிற்று என்பதற்கு அடையாளம். சிறு சதுரத்துக்குள் இருப்பது வருஷக் குறி. ரோமானிய எண்ணில் முப்பது என்றிருந்தால் 1974. அதற்கடுத்த வருஷம் முதல் எழுத்துகளாக மாறி, இரண்டு ஏ என்றால் 1975, ஏயும் பியும் என்றால் 1976. உன் அப்பாவின் நேவியில் இந்தக் கடைசிக் குறி இருக்கும். இந்த நாட்டின் இருநூறாவது ஆண்டு விழா நடந்த அந்தக் கோடையில், இந்தியாவிலிருந்து வந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவன், முதல் முறையாகத் தனக்கென்று வாங்கிக்கொண்ட வஸ்து அது.

அந்த நேவியைத்தான் நீ முதலில் கையில் எடுக்க வேண்டும். 36 காலிபர், எடை நிதானமானது, கைப்பிடியின் வளைவு, பிடித்த மாத்திரத்தில் சுட்டுவிரல் நீண்டாற்போலக் கையோடு இசைந்துவிடும். உருளையைச் சுற்றிலும் கப்பல்கள் தெரிகின்றன என்று எழுதியிருந்தாயே, அது டெக்ஸாஸ் தனிநாடாக இருந்த காலத்தில், 1843 மே 16-ஆம் தேதி, அதன் கடற்படை மெக்ஸிகோவின் கடற்படையோடு காம்பெச்சே கரைக்கு அப்பால் போரிட்ட காட்சி. டெக்ஸாஸின் கடற்படை கோல்டின் துப்பாக்கிகளை வாங்கி ஆதரித்ததற்கு நன்றியாக, ஆர்ம்ஸ்பி என்ற சித்திரக்காரரைக் கொண்டு செதுக்குவித்து, ஒவ்வோர் உருளையிலும் உருட்டிப் பதித்தார்கள். 44 காலிபர் உள்ள 1860 ஆர்மியிலும் அதே காட்சி. அந்த ஆர்மி நல்ல துப்பாக்கி. ஆனாலும் நேவிக்கு அடுத்ததாகவே எனக்கு எப்போதும் பட்டது, காரணம் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவதாக இருக்கும் ரெமிங்டன், சுபாவத்தில் வேறு. கோல்டுக்கு உருளையின் மேலே ஒன்றும் இல்லை. குழலையும் சட்டத்தையும் குறுக்கே அடித்த ஓர் ஆப்புதான் சேர்த்துப் பிடிக்கிறது. ரெமிங்டனுக்கோ மேலே ஒரு பாலம் ஓடி, நான்கு புறமும் சட்டம் அடைத்திருப்பதால், அது தளராது, குறியும் நிலைக்கும். ஆனால் அதன் அச்சு மெலிது. கொழுப்புத் தங்கப் பள்ளமும் இல்லை. பதினைந்து இருபது முறை சுட்டதும் மருந்தின் மசி ஏறி உருளை இறுகிவிடும். கோல்டின் அச்சு தடித்தது, கொழுப்புத் தங்குவதற்கு வெட்டுகளும் உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிவர்த்தி செய்யும்படி இரண்டையும் வைத்துக்கொள். இப்படி ஒப்பிட்டுப் பார்க்கிற ருசிதான் சேகரிப்பின் ஆனந்தம். எண்ணிக்கையில் எதுவும் இல்லை.

நான்காவதாக இருக்கும் வாக்கர், எடையில் இரண்டு கிலோவுக்கு மேல். 1847-இல் மெக்ஸிகோப் போரின்போது ஆயிரத்து நூறு மாத்திரமே செய்யப்பட்டது. அதைக் கோல்டோடு சேர்ந்து வகுத்த கேப்டன் வாக்கர் அந்த வருஷமே அந்தப் போரிலேயே இறந்தார். ஒவ்வோர் அறையிலும் அறுபது கிரெயின் மருந்து கொள்ளும். உன் மணிக்கட்டுக்கு அது வேண்டாம். நான் வைத்துக்கொள்ளுகிறேன், அல்லது தகுந்த ஒருவருக்குக் கொடுத்துவிடு.

ஐந்தாவதாக இருக்கும் பித்தளைச் சட்டத்தைப் பற்றித்தான் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் பளபளப்பில் அதுதான் உன் கண்ணைக் கவர்ந்திருக்கிறது. போர்க் காலத்தில் தெற்கு மாநிலங்களில் இரும்புக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, ஜார்ஜியாவில் கிரிஸ்வோல்ட்வில் என்ற ஊரில், கோல்டின் மாதிரியைப் பார்த்து, சட்டத்தைப் பித்தளையில் வார்த்து, சுமார் மூவாயிரத்து எழுநூறு துப்பாக்கிகள் செய்தார்கள். அந்த ஆலையில் கடைசலும் அரமும் பிடித்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். தங்கள் அடிமைத்தனத்தை நீட்டிக்கும் போருக்குத் தாங்களே ஆயுதம் செய்யும்படி ஆளாக்கப்பட்டவர்கள். 1864 நவம்பரில் வடக்குப் படையின் குதிரை வீரர்கள் அந்த ஆலையைக் கொளுத்தினார்கள். இதை நினையாமல் பித்தளையை மாத்திரம் துடைத்து ரசிப்பது எனக்குச் சம்மதமில்லை. உன் அப்பாவுக்கும் சம்மதமாக இருந்ததில்லை. அது ஒரு பக்கம் இருக்க, உன் பெட்டியில் உள்ளது 44 காலிபர். அப்படி ஒரு பித்தளை நேவி சரித்திரத்தில் இருந்ததே கிடையாது; விற்பனைக்காகப் பிற்காலத்தார் கூட்டிச் சேர்த்தது. பித்தளை மெத்தென்ற உலோகம். கனத்த மருந்தைத் தாங்கித் தாங்கி நாளடைவில் சட்டம் நீண்டுவிடும், நடு அச்சு ஆடத் தொடங்கும். பதினைந்து கிரெயினுக்கு மேல் அதில் இடாதே. என்னைக் கேட்டால் முதலில் கைமாற்றத் தக்கது அதுதான்.

மருந்தைப் பற்றி எழுதப்போனால் எனக்கு நம் ஊர்க் கோயில் கொடியேற்றத்தில் இரும்புக் குழாயில் இடித்துப் போட்ட அதிர்வேட்டு ஞாபகம் வருகிறது. அதில் இருந்ததும் இதுவும் ஒன்றே: வெடியுப்பு எழுபத்தைந்து பங்கு, கரி பதினைந்து, கந்தகம் பத்து. உள்நாட்டுப் போர் மூண்ட 1861-ஆம் வருஷத்தின் இறுதியில், வடக்கு அரசாங்கத்தின் வெடியுப்புக் கையிருப்பு குறைந்ததைக் கண்டு, டெலவேரில் மருந்தாலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த லாமட் டூபான்ட் ரகசியமாக லண்டனுக்கு அனுப்பப்பட்டார். அவர் அங்கே வாங்கிக் குவித்தது அவ்வளவும் இந்திய வெடியுப்பு. பீகார்ப் பிரதேசத்தில் நூனியா என்னும் ஜாதியார் கிராமத்து மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, காய்ச்சி எடுத்தது. டிரென்ட் என்ற ஆங்கிலக் கப்பலை வடக்கு மாலுமிகள் நடுக்கடலில் நிறுத்தித் தெற்கின் தூதர் இருவரைப் பிடித்துச் சென்ற விவகாரத்தால் ஆங்கிலேயர் கோபங்கொண்டு அந்தச் சரக்கைத் தடுத்துவைத்தார்கள். தூதர்களை விடுவித்த பிறகுதான் உப்புக் கப்பலேறிற்று. இந்த நாட்டில் அடிமைத்தனத்தை ஒழித்த போர், பெயர் தெரியாத நம் தேசத்து ஏழைகளின் உழைப்பின் தோளிலும் ஏறி நின்றது. உன் அப்பா இதைப் படித்துவிட்டு ஒரு நாள் இரவு பத்து மணிக்கு எனக்குப் போன் செய்தான். அண்ணா, நாம் அந்நியர்களின் விளையாட்டில் வந்து புகுந்துகொண்டோம் என்று நினைத்தேனே, அப்படி இல்லை போலிருக்கிறதே என்றான்.

இப்போது உன் மூன்றாவது கேள்வி. பழகலாம். ஆனால் அந்த நீல நோட்டை முழுவதும் படித்த பிறகு. அதுவும் தனியாக அல்ல. நோட்டின் முதற் பக்கத்தில், 1978 ஜூலை மாதத் தேதியிட்டு அவன் எழுதியிருப்பது என்னுடைய தவறு. அதை நீ படித்திருப்பாய். என் வாயாலும் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் துப்பாக்கியில் குண்டு, அறையின் வாயைக் காட்டிலும் ஒரு மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். 36 காலிபருக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 375 பங்கும், 44-க்கு 451 அல்லது 454 பங்கும் விட்டமுள்ள கலப்பில்லாத ஈயக் குண்டைக் குழலுக்கு அடியில் உள்ள நெம்புகோலால் அழுத்தும்போது, விளிம்பில் மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவிக்கொண்டு வரும். அந்த வளையம் வந்தால் அறை அடைபட்டது என்று அர்த்தம். அன்று நான் வேறொருவருடைய அச்சில் வார்த்த, சற்றே சிறுத்த குண்டுகளைக் கொண்டுவந்திருந்தேன். வளையம் வரவில்லை. கவனித்தேன், கவனித்தும், அவசரத்தில், அடுத்தவர் காத்துக்கொண்டிருக்கிறாரே என்ற கூச்சத்தில், மேலே கொழுப்பும் தடவாமல் சுட்டேன். ஓர் அறையின் தீ பக்கத்து அறைகளுக்குத் தாவி, மூன்று அறைகள் ஒரே க்ஷணத்தில் வெடித்தன. குழலுக்கு நேராக இல்லாத குண்டு ஒன்று நெம்புகோலில் மோதிச் சிதறியது. ஈயத் துணுக்கு என் இடது புறங்கையைக் கிழித்தது. என் பக்கத்தில் நின்றவன் உன் அப்பா. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, வாய் மண்மேட்டைப் பார்க்கும்படி மேஜையில் வைத்து, நிதானமாக ஒரு நிமிஷம் காத்திருந்து, மீந்த அறைகளின் கேப்புகளைக் களைந்தான். என் காயத்தைக் கட்டினான். மறுநாள் கடையில் அந்த நோட்டை வாங்கினான். அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல், அவன் சுட்ட ஒவ்வொரு நாளும் அதில் இருக்கிறது: எந்தத் துப்பாக்கி, எத்தனை கிரெயின், எந்தக் குண்டு, காற்று ஈரமா உலர்ந்ததா, என்ன பிசகிற்று, ஏன் பிசகிற்று. அம்மா, உனக்கு வந்த பிதிரார்ஜிதம் அந்த நோட்டு. துப்பாக்கிகள் அதற்குத் துணையாக வந்தவை.

முறையை அவன் எழுதியபடியே செய். முதலில் அறைகளில் உள்ள எண்ணெயைத் துடைத்து, ஒவ்வொரு நிப்பிளிலும் வெறும் கேப்பு ஒன்றை வெடித்து, துவாரத்தில் தங்கிய எண்ணெயைப் போக்கு. குடுவையிலிருந்து மருந்தை நேரே அறைக்குள் கொட்டாதே. உள்ளே கனல் துணுக்கு ஒன்று தங்கியிருந்தால் குடுவை உன் கையிலேயே வெடிகுண்டாகிவிடும். தனி அளவுக் குப்பியில் முகந்து, பிறகு ஊற்று. நேவிக்குப் பதினைந்து முதல் இருபது கிரெயின் போதும். இருபது என்பது ஒன்றேகால் கிராமுக்குச் சற்று மேல். அதன்மேல் கொழுப்பில் ஊறிய கம்பளி வட்டு, அதன்மேல் குண்டு. மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருக்கவே கூடாது. உட்கார்ந்துவிட்டது என்று கை உணரும்வரை அழுத்து. ஆறு அறை இருந்தாலும் ஐந்தைத்தான் நிறை; காலியான அறையின் மேல் குதிரை படுத்திருக்கட்டும். கேப்பை, சுடும் கோட்டுக்கு வந்து, வாய் இலக்கைப் பார்த்த பிறகே பொருத்து. கட்டைவிரலால் அழுத்தாமல் மரக்குச்சியால் அழுத்து. விசையை இழுத்தும் வெடிக்கவில்லையானால் உடனே திருப்பிப் பார்க்காதே. ஒரு நிமிஷம் முழுவதும் அப்படியே நில். சில சமயம் தீ தாமதித்து வரும். கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பும் இல்லாமல் கோட்டை அணுகாதே.

புகையற்ற நவீன மருந்து ஒரு சிட்டிகைகூட இவற்றுள் போகக் கூடாது. அதன் அழுத்தம் வேறு, உருளை சிதறிவிடும். டப்பாவின் மேல் உள்ள எழுத்தைப் படித்துவிட்டுத் திற. அடையாளம் இல்லாத டப்பா ஏதாவது நிலவறையில் இருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க முயலாமல் என்னிடம் காட்டு.

சுடுவதில் உள்ள ருசியைக் கடிதத்தில் எழுதிக் காட்ட முடியாது. வெண்புகை எழுந்து, அழுகிய முட்டையின் வாடையோடு முகத்தின் முன் நிற்கும். குறி தப்பிற்றா தைத்ததா என்று காண்பதற்குக்கூட அது விலகும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஐந்து முறை சுட்டுவிட்டு, மறுபடி நிதானமாக நிறைக்க வேண்டும். ஒரு பிற்பகல் முழுதும் போனாலும் முப்பது குண்டுக்கு மேல் ஆகாது. உன் அப்பாவின் ஆபீஸ் வாழ்க்கை எவ்வளவு பரபரப்பானது என்பது உனக்குத் தெரியும். அவன் அந்த மேஜையின் முன் நின்று ஒவ்வோர் அறையாக நிறைக்கும்போது அவனுடைய தோள்கள் இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுப் பூஜையில்கூட அவனை அவ்வளவு ஏகாக்கிரமாக நான் கண்டதில்லை.

சுத்தம் செய்வதில் மாத்திரம் தயவு தாக்ஷண்யம் கிடையாது. கருமருந்து எரிந்த சாம்பல், காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும். ஓர் இரவு விட்டால் காலையில் குழலுக்குள் செம்மை படர்ந்திருக்கும். ஆகவே அன்றைய துப்பாக்கியை அன்றே கழுவு. மரக் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஆப்பைத் தட்டி எடுத்து, குழலையும் உருளையையும் வெந்நீரிலும் சோப்பிலும் தேய்த்து, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் பூசு. நிப்பிள்களைக் கழற்றி, மரையில் கொழுப்பு வைத்து மறுபடி முடுக்கு. இதை விட்டவர்கள் பிறகு அவற்றைக் கழற்றவே முடியாமல் தவிப்பார்கள். உன் அப்பா இதெல்லாம் முடித்து, ஈயம் தொட்ட கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்ததே இல்லை. நீ சிறு பெண்ணாக இருந்தபோது அந்தப் பட்டறைக்குள் உன்னை விடமாட்டான் என்று அழுவாயே, அது ஈயத்துக்குப் பயந்துதான். ஈயம் குழந்தைகளின் தேகத்தில் ஏறினால் மூளையைக் கெடுக்கும். அச்சில் வார்க்கும்போது காற்றோட்டம் வேண்டும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் அது தெறித்துக் கண்ணைப் போக்கிவிடும். நாளைக்கு உனக்குக் குழந்தை உண்டாகும் காலத்தில், இந்தக் காரியத்தை முழுவதுமாக நிறுத்தி வை.

உன் அம்மாவுக்கு இவற்றைக் கண்டால் அச்சம். அந்த அச்சத்தை நீ வாதம் செய்து ஜெயிக்க முற்படாதே. நாற்பது வருஷம் அவளோடு வாழ்ந்த உன் அப்பாவும் முற்பட்டதில்லை. பூட்டுப் போட்ட பெட்டியில் துப்பாக்கி, வேறிடத்தில் கேப்பு, அதற்கும் அப்பால் மருந்து என்று அவன் பிரித்து வைத்ததே அவளுக்குக் கொடுத்த மரியாதைதான். வருஷத்தில் ஒரு நாள் மாத்திரம், ஆயுத பூஜையன்று, கழுவித் துடைத்த நேவியை அவனுடைய வெர்னியர் காலிப்பருக்கும் கடைசல் உளிகளுக்கும் நடுவே வைத்துச் சந்தனம் இடுவான். அவளே குங்குமமும் வைப்பாள். விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை அந்த நாள் கழியும்வரை அவளிடம் கேட்காதே.

இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், இந்தியானா மாநிலத்தில், பிரெண்ட்ஷிப் என்ற சிற்றூர் இருக்கிறது. 1933-இல் ஏற்பட்ட நேஷனல் மஸில் லோடிங் ரைஃபிள் அசோசியேஷனின் மைதானம் அங்கேதான். ஜூன் மாதமும் செப்டம்பர் மாதமும் தேசம் முழுவதிலிருந்தும் கருமருந்துக்காரர்கள் கூடுவார்கள். நாங்கள் இருவரும் அந்த மைதானத்தில் முதல் முறை போய் நின்றபோது, எங்கள் பேச்சையும் நிறத்தையும் கண்டு யாராவது முகம் சுளிப்பார்களோ என்று சங்கோசப்பட்டுக்கொண்டு நின்றோம். ஒரு கிழவர் வந்து, உன் அப்பாவின் உருளையை வாங்கிப் பார்த்து, கொழுப்பு மிகவும் இளகியிருக்கிறது, தேன்மெழுகைக் கூட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்களுக்குச் சங்கோசம் இல்லை. வருகிற ஜூனில் உன்னை அங்கே அழைத்துப் போகிறேன். நான் நிறைக்கமாட்டேன், பக்கத்தில் நிற்பேன், நீ நிறைப்பாய்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அங்கே இருப்பேன். உன் அம்மாவிடம் சமையல் சிரமம் வேண்டாம் என்று சொல். உன் பெரியம்மா புளியோதரை கட்டித் தருகிறாள். அதற்குள் அந்த ஈய அச்சை மாத்திரம் தனியாக எடுத்து வை. அதன் ஒரு பக்கத்துக் கைப்பிடி மரம் தளர்ந்திருக்கும். போன வருஷம் ஆணி வைத்துத் தருகிறேன் என்று உன் அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

உன் பெரியப்பா